வேனுக்கு அடியில வெள்ளை பெட்ஷீட்

ஒரு சொட்டு! ஒரே ஒரு சொட்டு ஆயில் தரையில விழுந்தாலும் என் வேன வெளிய தெருவுல கொண்டு போய் நிறுத்திடணுமாம்! நான் கேட்டேன் தம்பி, சொட்டுன்னா எவ்வளவு பெரிய சொட்டு, முதல்ல அதச் சொல்லுங்கன்னு. நியாயமான கேள்விதானே? இந்தக் கட்டடத்து செக்ரட்டரி மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டு, "சொட்டுன்னா சொட்டுதாம்மா"ங்கறாரு. பெரிய மனுஷன் பேசற பேச்சா இது... அட, எங்க போறீங்க? நில்லுங்க நில்லுங்க. உங்களத்தான் தம்பி நான் காலைல இருந்து வழி பாத்துட்டு இருக்கேன். ரெண்டாவது மாடிக்குப் புதுசா குடி வந்தவர் நீங்கதானே? ஆங். உங்களுக்கு இங்க யாரையும் தெரியாது. உங்களையும் யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி ஒரு ஆள்தான் வேணும் எனக்கு. சாட்சிக்கு!

அய்யோ, பயப்படாதீங்க. போலீஸு கோர்ட்டுன்னு ஒண்ணும் இல்ல. இந்த வேன் என்னுது. ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறேன். வேன் அக்கான்னு கேட்டா இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஸ்கூல் லீவு, அதனால இன்ஜின் ஆயில் மாத்தி, அப்படியே ஆயில் ஃபில்டரையும் மாத்தப் போறேன். நீங்க சும்மா கூட இருந்து பாக்கணும். கீழ சொட்டு விழுந்துச்சா, விழலையா... பாத்தத அப்படியே செக்ரட்டரி சார்கிட்ட சொல்லணும். அவ்வளவுதான், முடிஞ்சுது வேலை.

செக்ரட்டரிய இன்னும் பாக்கலையா நீங்க? குடுத்து வச்சவர் தம்பி நீங்க. மூணாவது மாடி. பூதக்கண்ணாடின்னு பேரு. நான் வச்ச பேருதான், சொல்லிடாதீங்க. அவருக்கு வேலையே இந்தப் பார்க்கிங்ல நடக்கறதுதான். கையில ஒரு சாக்பீஸ் வச்சிருப்பாரு. தரையில எங்கயாவது கறுப்பா ஏதாவது தெரிஞ்சா போதும், உடனே ஒரு வட்டம். கீழ பாருங்க... இதோ ஒண்ணு. தூணுக்குப் பக்கத்துல ஒண்ணு. அதோ அந்த ஸ்கூட்டருக்கு அடியில ஒண்ணு. அது ஆயிலே இல்ல தம்பி, யாரோ டீயக் கொட்டிட்டுப் போனது. போன மழையில யாரோ குடைய உதறியிருக்காங்க. அந்தத் தண்ணி ஈரத்துக்கும் வட்டம்! இவர் வட்டத்த மூடறதுக்குள்ள ஈரம் காஞ்சே போச்சு. உள்ள ஒண்ணுமே இல்லாத வட்டம் அது. அதுக்கும் என்னக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாரு. நான் என்னத்த விளக்கறது?

சரி, ஒத்துக்கறேன், என் வேனுக்கு நேரா இருக்கற வட்டமெல்லாம் ஆயில்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது நான் கொட்டினது இல்ல. எங்க வீட்டுக்காரர் கொட்டினது. அவர் தையல்காரர் தம்பி. நல்ல தையல்காரர், ஊசியில கோர்க்கற நூல் தப்பாது. ஆனா வண்டிகிட்ட வந்துட்டார்னா ஒரு வேகம் வரும் பாருங்க, அய்யோ! போன தடவை ஃபில்டர் கழல மாட்டேன்னு அடம் பிடிச்சுது. தள்ளு நான் பாக்கறேன்னு வந்தாரு. ஸ்க்ரூடிரைவர எடுத்தாரு. ஃபில்டர் வயித்துல ஒரே குத்து! அது உள்ள எவ்வளவு ஆயில் நிக்கும் தெரியுமா? பூரா அவர் கையில வழிஞ்சு, முழங்கைல வழிஞ்சு, கக்கத்துல போய், சட்டை வழியா இறங்கி... ஃபில்டர் மட்டும் ஒரு இம்மி அசையல. ஓட்டையோட அப்படியே உக்காந்திருக்கு. அந்தக் கையோட வீட்டுக்குள்ள போய், தைக்க வந்த கல்யாண கோட்டுத் துணிமேல கைய வச்சு... வேணாம், அது வேற கதை.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், சொட்டு. போன வாரம் மீட்டிங் போட்டாங்க. எல்லாரும் வந்திருந்தாங்க, நீங்க மட்டும்தான் இல்ல. பூதக்கண்ணாடி எழுந்து, வேன இங்க வச்சு ஆயில் மாத்தக் கூடாது, வேனே இங்க நிக்கக் கூடாதுன்னாரு. தினமும் என் வேன்ல பிள்ளையை அனுப்பறவங்க எல்லாம் செல்போனப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ரோஷம். "சார், எல்லாரும் பாக்க, பட்டப் பகல்ல, இதே இடத்துல ஃபில்டர் மாத்திக் காட்டறேன். ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா நானே வேன எடுத்துட்டுப் போயிடறேன், நீங்க சொல்லவே வேணாம்"னேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருந்து என் கையக் கிள்றாரு. கிள்ளினா நிறுத்தற வாயா இது?

பூதக்கண்ணாடி சும்மா விடுவாரா? "சிமெண்டுத் தரையில சொட்டு தெரியாது, வெள்ளைத் துணி விரிக்கணும்"னாரு. சரி, சந்தேகம் உங்களுக்கு, துணியும் உங்க வீட்டுதே குடுங்கன்னுட்டேன். மாட்டேன்னா கௌரவக் குறைச்சல் ஆச்சே, காலைல குடுத்து அனுப்பியிருக்காரு. அதோ, அடியில விரிச்சிருக்கேன் பாருங்க, புது பெட்ஷீட்டு. மடிப்புகூடக் கலையல. அவர் வீட்டம்மா முகம் போன போக்கப் பாத்திருக்கணும் நீங்க! எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா விரிச்சிட்டேன்.

அவரே வந்து பாக்கலாம்ல? அதான் முடியாது. இடுப்புப் பிடிப்பு. குனிஞ்சு குனிஞ்சு வட்டம் போட்டா வேற என்ன ஆகும்? குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அதனால யார் பக்கமும் சாயாத ஒரு சாட்சி வேணும், அவர் சொல்றத நான் ஏத்துக்கறேன்னாரு. அதான் தம்பி நீங்க. இந்தாங்க, இந்த டார்ச்சைப் பிடிங்க. அந்தப் பக்கம் சாக்கு போட்டிருக்கேன், அதுல படுத்துக்கோங்க. அட, சட்டை அழுக்காகாது, சுத்தமான சாக்குதான். பெட்ஷீட்டு மேல மட்டும் கை பட்டுடக் கூடாது. அப்படித்தான். இன்னும் கொஞ்சம் உள்ள... ஆங். நல்லா தெரியுதா அங்க இருந்து? எனக்குக் கிட்டத்துல ஒண்ணும் தெரியாது. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டேன். போட்டுட்டு வந்தா ஆயில் கையால தொட்டுத் தொட்டு மங்கிப் போகுது. பரவாயில்ல, எனக்குக் கை பழகின இடம். கையே கண்ணு.

பழைய ஆயில இறக்கிட்டேன், பேசின்ல அதோ ஓரமா இருக்கு. அடியில இருக்கற போல்ட்டையும் திருப்பி முடுக்கிட்டேன். அதுல எல்லாம் சொட்டாது தம்பி. அது நேரா கீழ பாத்து இருக்கு, பேசின வச்சா பேசின்ல விழும். வில்லங்கமே இந்த ஃபில்டர்தான். எவன் இத இங்க வச்சானோ! படுக்க வச்சிருக்கான் பாருங்க, நிக்க வச்சிருந்தா என்ன குறைஞ்சு போச்சு? படுத்த ஃபில்டரக் கழட்டினா வாய் வழியா ஆயில் வழியும். அதுக்கு நேர் கீழ ஒரு இரும்புச் சட்டம் குறுக்க போகுது. வழியற ஆயில் அந்தச் சட்டத்து மேல விழும். விழுந்து, அது பாட்டுக்கு நிதானமா சட்டத்து மேலயே நடந்து போய், நாம பேசின் வைக்காத இடமாப் பாத்து சொட்டும். பேசின அங்க நகர்த்தினா இந்தப் பக்கம் சொட்டும். எவன் வரைஞ்சு குடுத்தானோ, அவன ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் மாமியார் வீட்டு வாசல்ல இத மாத்தச் சொல்லணும் தம்பி. மறுநாளே இடத்த மாத்தியிருப்பான்.

ஒர்க்‌ஷாப்ல குடுத்துடலாமேன்னா கேக்கறீங்க? எங்க வீட்டுக்காரரும் அதேதான் சொல்றாரு. குடுக்கலாம். ஆயில் மாத்த விட்டா பிரேக்கு சரியில்லங்கறான். பிரேக்க பாருன்னா கிளட்ச்ச கழட்டி வச்சிருக்கான். வண்டி எப்ப வரும்னா வானத்தப் பாக்கறான். திங்கக்கிழமை காலைல பிள்ளைங்க எல்லாம் பையத் தூக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. நான் என்ன, முதுகுலயா தூக்கிட்டுப் போக முடியும்? என் வண்டிய நான் பாத்துக்கறேன். அதுல எனக்கு ஒரு பெருமை, சொன்னா என்ன? பெருமைதான்.

இப்ப பாருங்க வேலைய. நான் உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிச்சது. முதல்ல சட்டத்து மேல இத வைக்கறேன்... என்னன்னு தெரியுதா? சிரிக்காதீங்க. டயப்பர்! பேரனுது. பொண்ணு குழந்தையோட வந்திருக்கா. குழந்தைக்கு வாங்கினத வண்டிக்குக் கட்டறியேம்மான்னு ஒரே கத்தல். ஏன்டி, ரெண்டும் ஒழுகுது, ரெண்டுக்கும் கட்ட வேண்டியதுதானேன்னேன். உறிஞ்சும் தம்பி, அப்படி உறிஞ்சும்! கந்தல் துணி எல்லாம் கிட்டவே நிக்க முடியாது. சட்டத்துக்குச் சுத்தி ஒட்டறதுக்கு அதுலயே பட்டை வேற இருக்கு. அவ்வளவு வசதி.

அப்புறம் ஃபில்டர லேசா, ரொம்ப லேசா ஒரு திருப்பு... ம்ம்ம்... இந்தா, அசைஞ்சிடுச்சு. இதோட நிறுத்திடணும். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. அசைஞ்சதும் சந்தோஷத்துல கடகடன்னு கழட்டிடுவாங்க. கூடாது. அசைச்சு விட்டுட்டு, கைய எடுத்துட்டு, சும்மா உக்காரணும். உள்ள நிக்கற ஆயில் ஓரமா மெதுவா வடியும், டயப்பர் குடிச்சுக்கும். நமக்கு அவசரம், ஆயிலுக்கு அவசரம் இல்ல.

அதுவரைக்கும் பேசிட்டு இருக்கலாம். உங்களுக்குக் கல்யாணம் ஆகிடுச்சா? இல்லையா? ஆகட்டும் ஆகட்டும், மெதுவா ஆகட்டும். நீங்க அதிகம் பேச மாட்டீங்க போல. நல்ல குணம். எங்க வீட்டுலயும் அப்படித்தான், அவர் பேசறதே இல்ல. ஏன்னு தெரியல.

சிரிச்சுட்டு சொல்றேனே தவிர, தம்பி, எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். தெருவுல நிறுத்தறது சின்ன விஷயம் இல்ல. இங்க வர்றதுக்கு முன்னாடி தெருவுலதான் நிறுத்திட்டு இருந்தேன். பேட்டரியக் கழட்டிட்டுப் போனாங்க, சரி போகட்டும்னு விட்டேன். கண்ணாடியக் கோடு கிழிச்சாங்க, விட்டேன். ஒருநாள் காலைல பிள்ளைங்களை ஏத்தறேன், ஒரு பொண்ணு, அவ்வளவூண்டு இருக்கும், அக்கா குத்துதுன்னா. பாத்தா சீட்டு பூரா கண்ணாடித் தூளு. பின் ஜன்னல எவனோ உடைச்சிருக்கான். நான் முன்பக்கமா ஏறி உக்காந்தவ, கவனிக்கல. அந்தப் பொண்ணு கால மடியில வச்சு ஒவ்வொரு தூளா எடுத்தேன்... பெருசா ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கப்புறம்தான் வண்டி நிறுத்த இடத்தோட வீடு வேணும்னு அலைஞ்சு திரிஞ்சு இங்க வந்தோம். இந்த இடம் எனக்குப் போச்சுன்னா நான் வேன் ஓட்டறத விட்டுடுவேன். நிஜமா சொல்றேன். தினமும் சீட்டத் தடவிப் பாத்துட்டு ஏத்தற தைரியம் எனக்கு இல்ல.

சரி, வடிஞ்சிருக்கும். இப்பதான் முக்கியமான கட்டம். டார்ச்ச நேரா காட்டுங்க. இந்தா, பிளாஸ்டிக் பை. ஃபில்டருக்குத் தலைகாணி உறை மாதிரி மாட்டி விடறேன். பைக்குள்ள கைய விடல, வெளிய இருந்தே பையோட சேத்துப் பிடிச்சுத் திருப்பறேன். எவ்வளவு வழிஞ்சாலும் பைக்குள்ளதான் வழியணும், வேற போக்கிடம் இல்ல அதுக்கு. திருப்பி... திருப்பி... வருது வருது... வந்துடுச்சு! வாய மேல பாத்துத் தூக்கி, பையச் சுருட்டி, அப்படியே ஒரு முடிச்சு. தெரியுதா? ஃபில்டர் என் கண்ணுலகூடப் படல. பொறந்த குழந்தையப் போர்த்தித் தூக்கற மாதிரி வெளிய வந்துடுச்சு. பெட்ஷீட்ட பாருங்க. ஏதாவது இருக்கா? சொல்லுங்க, ஏதாவது இருக்கா?

என்ன? என்ன மேல காட்டறீங்க? பெட்ஷீட்டு கீழ இருக்கு தம்பி, மேல பாத்தா எப்படி? சாட்சி கீழதான் பாக்கணும். ஒழுகுதா மேல? ஒழுகல இல்ல? அப்புறம் என்ன? இருங்க இருங்க, பேச்சு குடுக்காதீங்க, கவனம் சிதறிடும் எனக்கு.

புது ஃபில்டர் இதோ. அழகா இருக்குல்ல? வாய்ல ரப்பர் வளையம் இருக்கு பாருங்க, அதுல விரலால கொஞ்சம் ஆயில் தடவணும். காஞ்ச ரப்பரா மாட்டக் கூடாது. இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல எனக்கு. அனுபவம். கையால முடுக்கணும், ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது. இறுக்கினா அடுத்த தடவை எங்க வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரோட வருவாரு... என்ன தம்பி? ரப்பரா? ஆமா, ரப்பர்தான். தடவிட்டேன்னு சொன்னேனே. நீங்க பாக்கலையா? இதோ மறுபடியும் தடவறேன், பாத்துக்கோங்க. திருப்திதானே? சாட்சின்னதும் பூதக்கண்ணாடியவிட மோசமா இருக்கீங்களே நீங்க!

ம்ம்... கொஞ்சம் சீக்கிரமே இறுகற மாதிரி இருக்கே. புது ஃபில்டர், திருகற மரை புதுசா இருக்கும். நல்லா உக்காந்துடுச்சு. கல்லு மாதிரி.

என்னங்க, மறுபடியும் கையத் தூக்கறீங்க? தண்ணி மோட்டார் விஷயமா? அது எனக்குத் தெரியும், உங்க மாடிக்குத் தண்ணி ஏறல, எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. சாயங்காலம் பேசிக்கலாம். சாக்கு குத்துதா? இன்னும் கொஞ்ச நேரம்தான் ராஜா. எழுந்து வாங்க, வெளிய வந்துடுங்க, அடியில வேலை முடிஞ்சுது. புது ஆயில் ஊத்தறேன். புனல் இங்கதான்... ஆங். பாருங்க எப்படி இறங்குதுன்னு, தேன் மாதிரி. ஒரு சொட்டு புனலுக்கு வெளிய போகுதா? போகாது. இந்தக் கைக்கு முத்தம் குடுக்கலாம்.

டயப்பர உருவிடறேன். ஓரமா இருந்த பேசினையும் வெளிய எடுத்துடறேன். இப்ப பெட்ஷீட்டு மேல ஒண்ணுமே இல்ல, துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. இப்படியே இருக்கணும், அவர் பாக்கும்போது எந்த மறைப்பும் இருக்கக் கூடாது. சார்! செக்ரட்டரி சார்ர்! முடிஞ்சுது, இறங்கி வாங்க! ...கேட்டுடுச்சு. வர்றேன்னு கை காட்டறாரு. இடுப்போட மூணு மாடி இறங்கி வர நேரம் ஆகும். அதுக்குள்ள இன்ஜின ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டுடறேன். ஓடற வண்டிக்கு அடியில வெள்ளை பெட்ஷீட்ட காட்டணும் தம்பி! அதுல இருக்கு கெத்து. அவர் அந்த சாக்பீஸ என் கையில குடுத்துட்டுப் போகணும்.

எதுக்கு குறுக்க வந்து நிக்கறீங்க? ஸ்டார்ட் பண்ண வேணாமா? ஏன்? பாவம், பயப்படறீங்க. அட, வண்டி எங்கயும் ஓடிடாது, சக்கரத்துக்குக் கல்லு வச்சிருக்கேன். நகருங்க தம்பி, சொல்றத அப்புறம் சொல்லுங்க, முதல்ல இந்தச் சத்தத்தக் கேளுங்க. புது ஆயில் போட்ட இன்ஜின் சத்தம் இருக்கே... இதோ...

கேட்டீங்களா? பூனை மாதிரி. கேக்கவே எவ்வளவு... என்னது? என்ன கீழ காட்டறீங்க? கீழ என்... அய்யோ! அய்யய்யோ! அணைக்கறேன் அணைக்கறேன்! சாவி... சாவி எங்க திரும்புது... அணைஞ்சுது. அணைஞ்சுதா? அய்யோ கடவுளே, பெட்ஷீட்டு! இது என்ன சொட்டா? இது குழாய் தம்பி! குழாயத் தொறந்து விட்ட மாதிரி இல்ல கொட்டியிருக்கு! ஊத்தின ஆயில் பாதி வெளிய கிடக்கே! அந்தம்மாவோட புது பெட்ஷீட்டு!

எப்படி? எப்படி இது? நான்தான் கல்லு மாதிரி முடுக்கினேனே... என்ன? என்ன சொல்றீங்க? மெதுவா சொல்லுங்க. ரப்பரா? தடவினேனே... பழைய ரப்பரா? எங்க? இன்ஜின்லயா ஒட்டிட்டு இருக்கு?

இருங்க. அந்தப் பை... முடிச்சு அவிழுதா பாருங்க. அவிழ்த்துத் தொலைங்க, இனி சொட்டினா என்ன. பழைய ஃபில்டர இப்படிக் குடுங்க, வாயத் தடவிப் பாக்கறேன்... காணோம். வளையத்தக் காணோம். வெறும் பள்ளம்தான் இருக்கு. சூட்டுல ஒட்டிக்கிட்டு அங்கயே நின்னுடுச்சா! அதுக்கு மேலயே புதுசையும் வச்சு முடுக்கியிருக்கேன். ரப்பர் மேல ரப்பர். எப்படி நிக்கும்? பிதுக்கித் தள்ளத்தான் செய்யும். சாதாரணமா கழட்டினா முதல் வேலையா வாயத்தான் பாப்பேன் தம்பி, வளையம் கூட வந்துச்சான்னு. இன்னிக்குப் பாக்கல. பைக்குள்ள போட்டு முடிச்சு போட்டுட்டேன். ஒரு சொட்டு விழக் கூடாது விழக் கூடாதுன்னு மூடி மூடி எடுத்து... நானே போர்த்தினேன், நானே முடிஞ்சேன், என் தலையில நானே ஊத்திக்கிட்டேன்.

இத சொல்லத்தான் மேல மேல காட்டினீங்களா? உங்களுக்குத் தெரிஞ்சுதா? டார்ச் வெளிச்சத்துல கறுப்பா வளையம் தெரிஞ்சுதா? தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே! ...சொன்னீங்களா? எப்ப? ...நான் விடலையா? நான் எங்க பேசினேன், நான் பாட்டுக்கு வேலைதானே பாத்துட்டு... சரி. சரி. விடல. ஒத்துக்கறேன். கத்தியிருக்கலாம்ல நீங்க? ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல?

உஷ்... செருப்புச் சத்தம். படியில வர்றாரு. ஒண்ணாவது மாடி திரும்பிட்டாரு. தம்பி, கேளுங்க, சீக்கிரம். நான் போட்ட பந்தயம் என்ன? ஃபில்டர் மாத்தும்போது ஒரு சொட்டு விழக் கூடாது. விழுந்துச்சா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. விழல! மாத்தி முடிச்சாச்சு. அதுக்கப்புறம் இன்ஜின் ஓடினது வேற விஷயம், அது பந்தயத்துலயே வரல. ஏன் அப்படிப் பாக்கறீங்க? பொய்யா சொல்லச் சொல்றேன்? நடந்ததுல பாதியச் சொல்லுங்க போதும். பெட்ஷீட்டு நான் புதுசா வாங்கிக் குடுத்துடுவேன், அந்தம்மா காலுல விழுந்தாவது சரி பண்ணிடுவேன். தரையையும் தேய்ச்சுக் கழுவிடுவேன், தடம் இருக்காது. ஆனா இந்த இடம் போச்சுன்னா... உங்களுக்குத்தான் சொன்னேனே தம்பி. அந்தப் பொண்ணு கால்ல கண்ணாடி குத்தின கதைய. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

இப்படி என் பக்கத்துல வந்து நில்லுங்க, ஒட்டி நில்லுங்க, நடுவுல இடைவெளி வேணாம். இந்த ஓரத்துல வழிஞ்சு வருது, நான் செருப்ப வச்சு மிதிச்சுக்கறேன். அந்தப் பக்கம் நீங்க மிதிச்சுக்கோங்க. சிரிச்ச முகமா இருங்க.

வாங்க சார், வாங்க! மெதுவா. இவர்தான் சாட்சி, ரெண்டாவது மாடி, புதுசு. ரொம்ப நேர்மையானவரு, முகத்தப் பாத்தாலே தெரியும். எனக்குச் சொந்தமும் இல்ல, பழக்கமும் இல்ல. அய்யோ குனியாதீங்க சார், இடுப்பு! டாக்டர் என்ன சொல்லியிருக்காரு? அதுக்குத்தானே சாட்சி வச்சிருக்கோம், அவரக் கேளுங்க. நான் வாயே தொறக்கல. சொல்லுங்க தம்பி. ஃபில்டர் மாத்தும்போது ஏதாவது விழுந்துச்சா?

...கேட்டீங்களா சார்? ஒரு சொட்டுகூட விழலையாம்! கேட்டீங்களா? அவர் வாயாலயே சொல்லிட்டாரு! அப்புறம்... என்ன தம்பி? 'ஆனா'வா? எதுக்கு ஆனா? போதும் போதும், நிறுத்துங்க. கேட்டதுக்கு ஒரு வார்த்தை பதில் சொன்னோமா, போனோமான்னு இருக்கணும். இப்படியா வளவளன்னு பேசிட்டே போவாங்க?